கொடைக்கானல் சரிவில் வீடு: உறிஞ்சுகுழி போடலாமா? (விவாத இழை)

ஊரணிக்கரை (கண்டனூர்)

அனைவருக்கும் வணக்கம். பெருமாள்மலைக்குக் கீழே 20 சென்ட் மனை. காரைக்குடிக் கான்ட்ராக்டர் போட்ட பிளானைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மனையின் மேல்பாதியை 3 மீட்டர் வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பாதியில் கொட்டி மட்டமாக்குகிறார்கள். கொட்டிய மண்ணைத் தாங்க 3 மீட்டர் உயரம், 2 அடி கனத்தில் கருங்கல் சுவர். மேல் மூலையில் 6 அடி ஆழத்தில் மழைநீர் உறிஞ்சுகுழி. கீழ்ப்பக்கம் செப்டிக் டேங்க், அதை ஒட்டி அதன் கழிவுநீர் மண்ணில் இறங்கும் சோக் பிட். மனையின் சரிவு ஏறக்குறைய 25 டிகிரி.

வயநாட்டிலும் திருவண்ணாமலையிலும் நடந்த மலைச்சரிவுகளைப் பார்த்தபிறகு வீட்டுப் பெரியவர்கள் தயங்குகிறார்கள். மலை ஏன் சரிகிறது, இந்தப் பிளானில் எது ஆபத்து, எது பரவாயில்லை என்று விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும். உறிஞ்சுகுழியில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. 2003-லிருந்து கட்டாயம், நமக்கோ அதற்கு முன்பிருந்தே முற்றத்துத் தண்ணீரை வீணாக்கிப் பழக்கமில்லை.

மூலமட்டம் (காரைக்குடி)

அண்ணே, அந்தப் பிளானில் முதலில் அடிக்க வேண்டியதே உறிஞ்சுகுழிதான்.

நம்ம ஊர் தட்டையான பூமி. குழிக்குள் இறங்கும் தண்ணீர் கிணற்றுக்கோ ஊரணிக்கோ போய்ச் சேரும். காரைக்குடிச் சம்பை ஊற்று மாதிரி ஓர் ஊற்றை நம்பி வளர்ந்த ஊர் அப்படித்தான் செய்ய வேண்டும். சரிவில் கதை வேறு. மேல் மூலையில் இறக்கிய தண்ணீர் மண்ணுக்கும் பாறைக்கும் நடுவே உள்ள இடுக்கில் ஓடி, நீங்கள் வெட்டிய முகத்துக்குப் பின்னாலும் சுவருக்குப் பின்னாலும் தேங்கும். மலைச்சரிவுக்குத் தேவையான தண்ணீரை நாமே குழி வெட்டி ஊட்டுகிறோம்.

அளவு புரிய ஒரு கணக்கு. 20 சென்ட் என்றால் சுமார் 810 சதுர மீட்டர். ஒரே நாளில் 100 மி.மீ. பெய்தால் அந்த மனைமேல் மட்டும் 81,000 லிட்டர் விழுகிறது. எடை 81 டன். மேலே உள்ள சரிவிலிருந்து வருவது தனி. சோக் பிட்டும் இதே குற்றவாளி. ஐந்து பேர் வீட்டில் ஆளுக்கு 135 லிட்டர் என்றால் தினம் 675 லிட்டர், வெயில் மழை பாராமல் அதே இடத்தில் இறங்கும். மழைக்காலம் வரும்போது அந்த மண் ஏற்கெனவே ஊறிப்போய் நிற்கும்.

இன்னொன்று கவனித்தீர்களா? நிரப்பிய மண்ணுக்குச் சுவர் போட்டிருக்கிறார். வெட்டிய 3 மீட்டர் முகத்துக்கு ஒன்றுமே போடவில்லை. அது செங்குத்தாகவா நிற்கப்போகிறது?

பள்ளத்தூர் ஆச்சி (மண்ணியல்)

காரணத்தை அடியிலிருந்து சொல்லிவிடுகிறேன். அது பிடிபட்டால் பிளானை நீங்களே திருத்திக்கொள்ளலாம்.

பழனிமலைத்தொடரிலும் நீலகிரியிலும் அடிப்பாறை பெரும்பாலும் சார்னகைட் என்ற கருங்கல் வகை. இது பல லட்சம் ஆண்டுகளாக மக்கி, மேலே செம்மண், அதற்குக் கீழே வெளுத்த களிமண் மாதிரி ஒரு படுகை, அதற்கும் கீழே பாதி மக்கிய பாறை, கடைசியில் கெட்டிப் பாறை என்று அடுக்கடுக்காக இருக்கிறது. நீலகிரியில் சில இடங்களில் இந்த மக்கல் பல பத்து மீட்டர் ஆழம் வரை போகும். மழைநீர் மேல்மண்ணில் சுலபமாக இறங்குகிறது. களிப்படுகையிலோ பாறையிலோ முட்டியதும் நிற்கிறது. அங்கேதான் சறுக்கும் தளம் உருவாகிறது.

மண் எடை கூடுவதால் சரிகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். எடை ஒரு பங்குதான். பெரிய வேலையைச் செய்வது துளைநீர் அழுத்தம். மண்துகள்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருப்பதால்தான் உராய்வு இருக்கிறது. இடையில் புகுந்த தண்ணீர் துகள்களைத் தூக்கிப் பிடிக்கும்போது அந்தப் பிடி தளர்ந்துவிடும்.

உங்கள் மனைக்கே போட்டுப் பார்ப்போம். ஒட்டுத்தன்மை குறைந்த மண், உராய்வுக் கோணம் (காய்ந்த மண் தானாக நிற்கக்கூடிய அதிகபட்சச் சரிவு) 32 டிகிரி, மனையின் சரிவு 25 டிகிரி. பாதுகாப்பு எண் என்பது மண்ணைப் பிடித்து நிறுத்தும் விசையைக் கீழே இழுக்கும் விசையால் வகுத்தது. காய்ந்திருக்கும்போது அது 32-இன் டேன்ஜென்ட்டை 25-இன் டேன்ஜென்ட்டால் வகுத்தால் வருவது: 0.625 / 0.466 = 1.34. ஒன்றுக்கு மேல், நிற்கும். அதே மண் மேல்வரை ஊறி, தண்ணீர் சரிவுக்கு இணையாக ஓடும்போது உராய்வில் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். எண் 0.67. ஒன்றுக்குக் கீழே, நிற்காது.

அப்படியானால் எல்லா மழையிலும் எல்லா மலையும் ஏன் சரியவில்லை? வேர்களும் களியின் ஒட்டும் கொஞ்சம் பிடிக்கின்றன. 2 மீட்டர் கனமுள்ள அந்த மண்ணில் வேரின் பிடிப்பு 5 கிலோபாஸ்கல் என்று எடுத்தால், அது 0.33-ஐக் கூட்டும். 0.67-உம் 0.33-உம் சேர்ந்தால் சரியாக 1. பச்சையாக, அமைதியாகத் தெரிகிற பல சரிவுகள் கனமழையில் இந்த 1-இன் விளிம்பில்தான் நிற்கின்றன. அந்த நேரத்தில் அடியில் 3 மீட்டர் வெட்டியிருந்தால், மேலே குழியிலிருந்து தண்ணீர் வந்தால், அல்லது வேர் மக்கியிருந்தால், அது போதும்.

செம்புறாங்கல் (புதுவயல்)

ஆச்சி, இதைப் படித்தால் மழையும் பாறையும்தான் காரணம் என்று ஆகிவிடும்போல இருக்கிறதே. காட்டை அழித்துத் தோட்டம் போட்டதும் ரிசார்ட் கட்டியதும்தான் காரணம் என்று மேற்குத்தொடர்ச்சி மலையை ஆராய்ந்த காட்கில் குழு 2011-இல் சொன்னதெல்லாம் என்ன ஆனது? மழையைக் குற்றம் சொன்னால் மனிதன் தப்பித்துக்கொள்வான்.

பள்ளத்தூர் ஆச்சி (மண்ணியல்)

தப்பவிடவில்லை தம்பி. ஆனால் எந்த இடத்தில் எது காரணம் என்று பிரித்துச் சொல்லாவிட்டால் தீர்வும் தப்பாகப் போய்விடும்.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் சரிவு தொடங்கிய இடம் ஏறக்குறைய 1,550 மீட்டர் உயரம். அது காட்டுக்குள். செயற்கைக்கோள் படத்தில் அளந்த பரப்பு சுமார் 86,000 சதுர மீட்டர். அங்கிருந்து சேறும் பாறையும் மரமும் 8 கி.மீ. ஓடி முண்டக்கை, சூரல்மலையை அடித்துக்கொண்டு போயின. அதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் பெய்த மழை 57 செ.மீ. அளவில். அதே சரிவில் பழைய சரிவின் தடமும் இருந்தது. 2020 ஆகஸ்டில் மூணாறு பெட்டிமுடியில் 70 பேரைக் கொன்ற சரிவும் மேலே, ஆள் நடமாட்டம் குறைந்த இடத்திலிருந்துதான் கிளம்பியது. இவ்வளவு ஆழமான சரிவுக்கு மரவேர் எட்டாது. வேர் பிடிப்பது மேலே ஒன்றிரண்டு மீட்டர்.

மனிதன் பங்கு வேறு இடங்களில் இருக்கிறது. முதலாவது, தண்ணீர் இறங்கும் பள்ளத்தின் வாயில் லயங்களையும் (தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகள்) வீடுகளையும் கட்டியது. பெட்டிமுடியில் செத்தவர்கள் பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள்; அந்த இடத்தை அவர்களாகத் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டாவது, சாலைக்கும் வீட்டுக்கும் சரிவின் அடியை வெட்டுவது. நம் மலைப்பாதைகளில் ஒவ்வொரு பருவமழையிலும் விழும் சிறு சரிவுகளில் பெரும்பகுதி இப்படி வெட்டிய முகங்களில்தான். மூன்றாவது, ஓடையை அடைப்பது. நான்காவது மரம். மரத்தை வெட்டிய அன்றே மலை சரியாது. அடிவேர் மக்கி, புதுவேர் இறங்காமல் இருக்கும் இடைவெளி ஏறக்குறைய மூன்றாம் ஆண்டிலிருந்து பத்தாம் ஆண்டு வரை. அந்தக் காலத்தில்தான் மேல்மண் சரிவுகள் கூடும். அதனால் வெட்டியவருக்கும் விழுந்ததற்கும் தொடர்பே தெரியாமல் போகிறது.

மழையும் முழுக்க இயற்கை என்று விட முடியாது. வயநாட்டில் அன்று பெய்த மழையைக் காலநிலை மாற்றம் ஏறக்குறைய 10 விழுக்காடு கனமாக்கியது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1-இன் விளிம்பில் நிற்கும் சரிவுக்கு 10 விழுக்காடு சின்ன எண் இல்லை.

கீழ்மலைக் காப்பி (தாண்டிக்குடி)

நம்ம பக்கத்து விஷயம் என்பதால் சேர்த்துச் சொல்றேன். ஊரணிக்கரை அண்ணன் மனை வாங்கும்போது எஃப்.எம்.பி. என்கிற புல அளவை வரைபடத்தில் ஓடை புறம்போக்கு எங்கே போகுது என்று பார்த்தாங்களா? வெயில்காலத்தில் அது வெறும் பள்ளமாக, புல் முளைச்சுக் கிடக்கும். "இது சும்மா பள்ளம் சார், மண் போட்டு மேவிடலாம்" என்பாங்க. மலையில் சும்மா பள்ளம் என்று ஒண்ணு கிடையாது. இரண்டு மேட்டுக்கு நடுவே உள்ளடங்கிய இடம் எல்லாம் தண்ணீர் வழி. மண் கனமாகச் சேர்ந்திருப்பதும் அங்கேதான். மூக்கு மாதிரி வெளியே நீட்டிக்கிட்டிருக்கிற மேட்டில் தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிஞ்சு போயிரும். வீட்டுக்கு அந்த இடம் நல்லது.

ஊர் ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) கிராமப் பட்டியலில் இருந்தால் வனத்துறை, புவியியல் சுரங்கத்துறை, வேளாண் பொறியியல் துறை மூணு பேர் கருத்தும் வேணும். மரம் வெட்ட 1955-ஆம் வருஷச் சட்டப்படி தனி அனுமதி. ஜே.சி.பி.யை இறக்குறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க.

காப்பித்தோட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. நிழல்மரத்தோட இருக்கிற பழைய காப்பித்தோட்டம் மண்ணைக் கிட்டத்தட்ட காடு மாதிரியே பிடிக்கும். சில்வர் ஓக்கை எடுத்துட்டு, சரிவில் மேலிருந்து கீழாகப் பாத்தி போட்டு காரட், உருளை, பூண்டு பயிர் பண்ணும்போதுதான் மண் போகுது. பாத்தியைக் குறுக்கே போட்டால் தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகுது என்று விவசாயி சொல்றதும் உண்மை. அதுக்கு வழி, குறுக்குப் பாத்தியை லேசாகச் சாய்த்து, 100 அடிக்கு ஒரு கல்பாவிய வடிகாலில் விடுறது. தேயிலையிலும் இதே பிரச்சினை உண்டு. விதையில் வந்த பழைய செடிக்கு ஆணிவேர் இறங்கும். பதியன் போட்ட புதுச்செடிக்கு வேர் மேலாகவே பரவும்.

ஊரணிக்கரை (கண்டனூர்)

அப்போ நம் பிரான்மலையிலும் இப்படி நடக்க வாய்ப்பு இருக்கிறதா? திருவண்ணாமலையும் தனி மலைதானே.

மூலமட்டம் (காரைக்குடி)

வயநாடு மாதிரி கிலோமீட்டர் கணக்கில் சேறு ஓடுவதற்கு மேலே கனமான மண் வேண்டும். நம் பக்கத்துக் குன்றுகளில் பாறைதான் அதிகம். அங்கே பயப்பட வேண்டியது உருண்டைக் கற்கள். பாறை இடுக்கில் இருக்கும் மண்ணை மழை அரித்ததும், ஆண்டாண்டாக அசையாமல் இருந்த கல் இறங்கும். திருவண்ணாமலையில் 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், பாறையும் மண்ணும் சேர்ந்து அடிவாரத்து வீடுகள்மேல் இறங்கி 7 பேர் இறந்தார்கள். எந்தத் தனிமலையானாலும் அடிவாரத்தில் உருண்டு வந்து கிடக்கும் பழைய கற்களைப் பாருங்கள். அவை எவ்வளவு தூரம் வந்திருக்கின்றனவோ, அடுத்த கல்லும் அவ்வளவு தூரம் வரும். அதற்குள் வீடு வேண்டாம்.

வரத்துக்கால் (மானாமதுரை)

இழை முழுக்க வீட்டைப் பற்றியே போகிறது. சரிந்தபின் மலைக்கும் ஆற்றுக்கும் என்ன ஆகிறது என்பதையும் பேச வேண்டும். கொடைக்கானலின் தெற்குச் சரிவில் இறங்கும் தண்ணீர் வராகநதியாக வைகையில் சேர்கிறது. எங்கள் ஊர் வழியாகப் போகும் ஆறு அது. மேலே விழுந்த மண்ணுக்குக் கீழே இருப்பவர்களும் கணக்குக் கொடுக்கிறோம்.

முதலில் சரிந்த இடம். மேல்மண் முழுக்கப் போய்விடும். அது ஒரு செ.மீ. உருவாகவே நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மிஞ்சுவது மட்கும் விதையும் இல்லாத சிவந்த அடிமண். அதில் சோலைமரக் கன்று பிடிக்காது. முதலில் குடியேறுவது உண்ணிச்செடியும் சீகை என்கிற வாட்டில் மரமும். அவை மூடிவிட்டால் சோலை திரும்புவது இன்னும் தள்ளிப்போகும். ஊற்றுகளும் இடம் மாறும். சரிவு நிலத்தடி நீர்வழியை அறுத்துவிடுவதால், தலைமுறையாக ஓடிய ஊற்று வறண்டு, கீழே வேறோர் இடத்தில் சேறாகக் கசியும். மலைக்கிராமத்துக் குடிநீர்க் குழாய்கள் பெரும்பாலும் இந்த ஊற்றுகளில்தான் மாட்டியிருக்கின்றன.

அடுத்து ஓடை. மலையோடையின் உயிர் கூழாங்கற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் இருக்கிறது. பூச்சிப்புழு, மீன்முட்டை, தலைப்பிரட்டை எல்லாம் அங்கேதான். மேற்குத்தொடர்ச்சி மலையின் ஊதாத் தவளையின் தலைப்பிரட்டை, வேகமாக ஓடும் தண்ணீரில் பாறையை வாயால் பற்றிக்கொண்டு வளர்வது. நுண்சேறு அந்தப் பாறையை மெழுகிவிட்டால் பற்றுவதற்கு இடமில்லை. மீனின் செவுளில் சேறு அடைக்கும். தண்ணீர் கலங்கி வெளிச்சம் இறங்காததால் பாசி செத்து, அதைத் தின்னும் உயிர்கள் பட்டினி கிடக்கும்.

சரிவு ஒருநாள் விஷயமும் இல்லை. பள்ளத்தாக்கில் குவிந்த மண்ணை அடுத்தடுத்த ஆண்டுகளின் மழை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். ஆற்றுப்படுகை உயரும். முன்பு கரைக்குள் அடங்கிய வெள்ளம் இப்போது கரை தாண்டும். அணைக்குள் போன மண் அங்கேயே தங்கிக் கொள்ளளவைத் தின்னும். ஊரணியில் வண்டல் சேர்ந்தால் நாம் தூர் வாரி வயலுக்கு அடிக்கலாம். அணையை அப்படி வார முடிவதில்லை.

மிகவும் ஆபத்தானது, சரிந்த மண் ஆற்றுக்குக் குறுக்கே அணையாக நின்றுவிடுவது. இமயமலையில் பிரஹி கங்கையில் 1893-இல் கோனா என்ற இடத்தில் மலை சரிந்து ஏரி உண்டானது. எப்போது வழியும் என்று முன்கூட்டியே கணித்து, பள்ளத்தாக்கு நெடுகத் தந்திக்கம்பி இழுத்து, ஆட்களை வெளியேற்றினார்கள். 1894 ஆகஸ்டில் உடைந்தபோது ஊர்களையே வெள்ளம் துடைத்துப்போனது. ஆனால் இறந்தவர்கள் ஐந்தே பேர், எச்சரித்தும் திரும்பிப் போனவர்கள். கனமழையில் ஆற்றில் தண்ணீர் திடீரென்று குறைந்தால் கரையில் நிற்பவர்கள் நிம்மதி அடையக் கூடாது. மேலே எங்கேயோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

செம்புறாங்கல் (புதுவயல்)

வரத்துக்கால் அண்ணன் பதிவை அப்படியே எடுத்து வைத்துக்கொள்கிறேன். மனைக்குச் சுவருக்குப் பதிலாக வெட்டிவேர் நட்டால் போதாதா? செலவும் குறைவு, மலைக்கும் கேடில்லை.

பள்ளத்தூர் ஆச்சி (மண்ணியல்)

வெட்டிவேர் நல்ல துணை. ஒரு வருஷத்தில் 2 மீட்டருக்கு மேல் நேராக இறங்கும். வேரின் இழுவலிமை சராசரி 75 மெகாபாஸ்கல், மென்னெஃகில் ஆறில் ஒரு பங்கு. சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் நட்டு, 1 முதல் 2 மீட்டருக்கு ஒரு வரிசை. இடைவெளி விட்டால் அந்த ஓட்டையில் தண்ணீர் கூடி வாய்க்கால் அறுக்கும். முதல் பருவத்தில் காய்ந்த கன்றை உடனே மாற்ற வேண்டும்.

ஆனால் 3 மீட்டர் செங்குத்து வெட்டுக்கு அது பதில் ஆகாது. சறுக்கும் தளம் வேருக்குக் கீழே இருந்தால் வெட்டிவேரும் சேர்ந்தே இறங்கும்.

நடுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்துவிடுங்கள். மனையில் அரை மீட்டர், 1 மீட்டர், 2 மீட்டர் ஆழத்திலிருந்து சுண்டைக்காய் அளவு மண்கட்டி எடுங்கள். கண்ணாடித் தம்ளரில் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர் ஊற்றி, கட்டியை மெதுவாக இறக்கி, கலக்காமல் விடுங்கள். குழாய்த்தண்ணீர் வேண்டாம், அதில் உள்ள உப்பு விடையை மாற்றிவிடும். 10 நிமிடத்தில் ஒரு முறை, 1 மணி நேரத்தில் ஒரு முறை பாருங்கள். கட்டி உதிர்ந்து அடியில் குவிந்தாலும் தண்ணீர் தெளிவாக இருந்தால் பெரிய பயமில்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல வெண்புகை எழுந்து பரவினால், அது தண்ணீரில் கரைந்தோடும் களி. அந்த மண்ணுக்குள் தண்ணீர் எலிவளை மாதிரிக் குழாய் குடையும். மேலே ஒன்றும் தெரியாது. ஒருநாள் தரை உள்வாங்கும். கேரளத்து மலைகளில் இதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறார்கள். அப்படி வந்தால் அந்த மனையில் வெட்டவே வேண்டாம்.

மூலமட்டம் (காரைக்குடி)

இப்போது சுவர். 3 மீட்டர் சுவருக்குப் பின்னால் காய்ந்த மண் இருந்தால் ஒரு மீட்டர் நீளத்துக்கு வரும் தள்ளுவிசை ஏறக்குறைய 2.7 டன். அதே சுவருக்குப் பின்னால் தண்ணீர் மேல்வரை தேங்கினால் 6 டன். மண்ணைத் தாங்கக் கட்டிய சுவர் அணை வேலை பார்க்க வேண்டி வருகிறது. மலையில் விழுந்து கிடக்கும் கருங்கல் சுவர்களைப் போய்ப் பாருங்கள். கல் உடைந்திருக்காது, கலவை போயிருக்காது. வடிகால் துளை ஒன்றுகூட இருக்காது, அல்லது இருந்தும் பின்னால் ஜல்லி வைக்காததால் களி அடைத்திருக்கும்.

2 அடி கனம் இந்த உயரத்துக்கு எந்தக் கணக்கிலும் வராது. எடையால் நிற்கும் கருங்கல் சுவருக்கு அடிக்கனம் உயரத்தில் பாதியிலிருந்து 0.7 பங்கு வரை வேண்டும். 3 மீட்டருக்கு 1.5 முதல் 2.1 மீட்டர். அதைவிட நல்லது, 3 மீட்டர் வெட்டையே கைவிட்டு 1.5 மீட்டராக இரண்டு படி. இரண்டு படிக்கும் நடுவே குறைந்தது 3 மீட்டர் தட்டு விடுங்கள். நெருங்கிப்போனால் மேல்சுவரின் பாரம் கீழ்ச்சுவர்மேல் ஏறி, இரண்டும் ஒரே உயரச் சுவராகிவிடும். வீட்டையும் படிக்கட்டு மாதிரி இரண்டு மட்டத்தில் வையுங்கள். நம்ம ஊர் வீடு மாதிரி வாசலிலிருந்து பின்கட்டு வரை ஒரே நேர்மட்டம் வேண்டும் என்ற ஆசைதான் மலையை இவ்வளவு ஆழம் வெட்ட வைக்கிறது.

வடிகால் துளைக்கு (வீப் ஹோல்) 100 மி.மீ. பி.வி.சி. குழாய். 1.5 மீட்டருக்கு ஒன்று, அடுத்த வரிசை இடைமாறி வர வேண்டும். குழாய்க்கு வெளிப்பக்கமாக 20-க்கு 1 சாய்வு. கீழ்வரிசை வெளித்தரைக்கு ஒரு சாண் மேலே. குழாயின் உள்வாயில் 40 மி.மீ. ஜல்லியை, தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணியில் சுற்றி வையுங்கள். சுவர் நெடுக, பின்னால் ஓர் அடிக்குக் குறையாமல் ஜல்லிப் படுகை. பலர் இந்த இடத்தில் வெட்டிய மண்ணையே தள்ளி மூடிவிடுகிறார்கள். மேஸ்திரி பக்கத்தில் ஆள் நிற்க வேண்டிய நாள் இதுதான். மழையில் வீப் ஹோலில் தெளிந்த தண்ணீர் வந்தால் சுவர் வேலை செய்கிறது. கலங்கல் வந்தால் பின்னால் மண் கரைந்து வெளியேறுகிறது. கனமழையிலும் ஒன்றும் வராவிட்டால் அடைத்திருக்கிறது.

நிரப்பும் மண்ணைச் சரிவுமேல் அப்படியே கொட்டக் கூடாது. முதலில் புல், வேர், கரிமண் எல்லாம் வாரிவிட்டு, அசல் தரையைப் படிபடியாக வெட்டி, 20 செ.மீ. அடுக்காகப் போட்டு ஒவ்வோர் அடுக்கையும் இறுக்க வேண்டும். கொட்டிய மண்ணின் மேல் வீட்டின் எந்தத் தூணும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழ்மலைக் காப்பி (தாண்டிக்குடி)

சுவருக்கு முன்னாடி மேல்வாய்க்கால் வெட்டணும், அண்ணே. அது முடியாமல் அஸ்திவாரத்துக்கே கைவைக்கக் கூடாது. வேலை பாதியில் நிற்கும்போது மழை வந்து போன மனைகள்தான் அதிகம்.

மூலமட்டம் (காரைக்குடி)

சரியான வரிசை. வெட்டு விளிம்புக்கு 3 முதல் 5 மீட்டர் மேலே, சரிவுக்குக் குறுக்காக வாய்க்கால். மனைக்கு மேலே அரை ஹெக்டேர் சரிவிலிருந்து தண்ணீர் வருகிறது என்று வைப்போம். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் பெய்து, அதில் பத்தில் ஆறு பங்கு மேலோடி வந்தால் நொடிக்கு 80 லிட்டருக்குச் சற்று மேல் வரும். ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில், 100-க்கு 1 வாட்டத்தில் சிமென்ட் பூசிய கல்வாய்க்கால் பாதி ஆழம் ஓடினாலே 130 லிட்டர் கடத்தும். மீதிப் பாதி, சருகும் மண்ணும் விழுவதற்கு. வாட்டத்தை டியூப் மட்டத்தில் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடியுங்கள், கண்ணால் பார்த்து வெட்டினால் நடுவில் தொய்வு விழுந்து தண்ணீர் அங்கேயே பொங்கி வழியும். பூசாத மண்வாய்க்கால் வேண்டாம். அது நீளமான உறிஞ்சுகுழி. விரிசல் விழுந்த வாய்க்காலும் அப்படியே.

பள்ளத்தூர் ஆச்சி (மண்ணியல்)

வீடு கட்டியபின் கவனிக்க வேண்டியவை. மனைக்கு மேலே நிலத்தில் பிறைவடிவில் வெடிப்பு தெரிகிறதா என்று மழைக்கு முன்னும் பின்னும் நடந்து பாருங்கள். இருந்தால் இரண்டு பக்கமும் இரும்புமுளை அடித்து, இடைவெளியை டேப்பால் தினம் அளந்து எழுதுங்கள். வெடிப்பை உடனே களிமண்ணால் மூடி மேலே தார்ப்பாய் போட வேண்டும். திறந்த வெடிப்பு தண்ணீரை நேராகச் சறுக்குதளத்துக்கே கொண்டுபோகும். மின்கம்பமும் வேலிக்காலும் கீழ்நோக்கிச் சாய்வது, கதவு திடீரென்று நிலையில் இறுகுவது, தெளிந்த ஊற்று கலங்குவது, புது இடத்தில் கசிவு, இவையெல்லாம் மலை அசைகிறது என்பதன் அடையாளம். இரவில் மேலிருந்து உறுமல் சத்தம் கேட்டால் பொருளை எடுக்க நிற்காதீர்கள். பள்ளத்தின் போக்கில் கீழே ஓடாமல், பக்கவாட்டில் மேட்டுக்குப் போங்கள்.

இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 2024 ஜூலையில் கொல்கத்தாவில் நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் தொடங்கியபோது அன்றாட அறிவிப்பில் நீலகிரி சேர்ந்திருந்தது. உங்கள் மனைக்கு நீங்களே மழை அளக்க வேண்டும். நேர்ச்சுவருள்ள எந்தப் பாத்திரமும் போதும். நம் குடும்பங்கள் கொண்டுவிற்கப் போன இலங்கைத் தேயிலை மலைகளில் அந்நாட்டுக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் அளவுகள் எளியவை: 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேறுவது. ஒரு வாரமாக ஏற்கெனவே ஊறிய மண் என்றால் இதற்குக் குறைவிலும் சரியும். நீலகிரியில் 2009 நவம்பரில் 40-க்கு மேற்பட்டோர் இறந்தபோது கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. அப்படிப்பட்ட மழைக்கு எந்தச் சுவரும் உறுதி சொல்லாது. அன்று வீட்டில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஊரணிக்கரை (கண்டனூர்)

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கான்ட்ராக்டரிடம் பேசிப் பிளானை மாற்றச் சொல்லியாயிற்று. உறிஞ்சுகுழியும் சோக் பிட்டும் இல்லை. 1.5 மீட்டரில் இரண்டு படி. மேல்வாய்க்கால் முதல் வேலை. கழிவுநீருக்கு மூடிய தொட்டி, நிறைந்தால் லாரி. 1,000 சதுர அடிக் கூரையின் மழைநீருக்கு 10,000 லிட்டர் சிமென்ட் தொட்டி, இடம் கீழ்ப்படியின் முன்விளிம்பு. எஃப்.எம்.பி.யும் வாங்கினோம், ஓடை மனைக்கு 12 மீட்டர் கிழக்கே போகிறது. இதில் இன்னும் தப்பு இருக்கிறதா?

மூலமட்டம் (காரைக்குடி)

தொட்டியின் அளவு சரி. 100 மி.மீ. மழைக்கு அந்தக் கூரையில் 9,300 லிட்டர் கிடைக்கும். இடம்தான் தப்பு. கீழ்ப்படியின் முன்விளிம்பு என்றால் நிரப்பிய மண். நிறைந்த தொட்டி 10 டன் தண்ணீர், தொட்டியின் எடை வேறு. மண் சற்று அமிழ்ந்தாலும் தொட்டியில் விரிசல் விழும், கசிவு நேராகச் சுவருக்குப் பின்னால் இறங்கும். மேல்படியில் வெட்டிய அசல் தரையில், வெட்டு முகத்திலிருந்து விலக்கி வையுங்கள். வழியும் தண்ணீரை மூடிய குழாயில் அந்த ஓடை வரை கொண்டுபோய், விழும் இடத்தில் 2 மீட்டர் நீளத்துக்குப் பெரிய கல் பாவுங்கள். இல்லாவிட்டால் குழாய் வாயே ஓடைக்கரையை அறுக்கும்.

பூச்சு முடிந்ததும் தொட்டியை நிரப்பி, மூன்று நாள் சுவர் ஊறவிட்டு, நீர்மட்டத்தைப் பென்சிலால் கோடு போட்டு மூடுங்கள். 24 மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்து, மட்டம் கோட்டிலேயே நின்றால்தான் கடைசித் தவணையைக் கொடுங்கள்.